சண்முகவடிவு டீச்சர் நீக்க மறுத்த ஒன்பது பெயர்கள்

1970ஆம் வருஷம், மாசி மாதத்தின் ஒரு காலை. உப்போடைப்பட்டி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் ஐயாத்துரை ஐந்தாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டை விரித்து, அதன் மேல் சிவப்பு மைப் பேனாவை வைத்து, சண்முகவடிவு டீச்சர் பக்கம் தள்ளினார். ஒன்பது பெயர்களுக்கு நேரே பென்சிலால் புள்ளி வைத்திருந்தார்.

"இந்த ஒம்பது பேரையும் நீக்கிருங்க டீச்சர். 'நீண்ட நாள் வரவில்லை'ன்னு எழுதினாப் போதும்."

"நீண்ட நாள் வரலையா? ஒம்பதுல எட்டுப் பேரு இந்நேரம் என் வகுப்புல உக்காந்து வாய்ப்பாடு சொல்லிக்கிட்டிருக்குதுக. உங்க காதுல விழலையா?"

"விழுகுது. விழுகப் போய்த்தான் சொல்றேன். அதுக சொல்ற வாய்ப்பாட்டைக் கேட்டீகளா? ஏழாம் வாய்ப்பாடு பாதியில நிக்குது. பரீட்சைக்கு இன்னும் முப்பது நாளுதான்."

சண்முகவடிவு பேனாவைத் தொடவில்லை. அந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் பெண் பிள்ளைகள். ஒன்பது பேருமே மிளகாய்ப் பழம் பறிப்புக்கும் பருத்தி எடுப்புக்கும் போகிற வீட்டுப் பிள்ளைகள். பதிவேட்டில் பெயர் போனால் மதியம் தட்டு ஏந்தி நிற்கிற வரிசையிலும் இடம் போகும். கோதுமை ரவைச் சோற்றுக்கு எத்தனை பேர் என்று அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் அளந்து போடுவார்கள்.

"நீங்க தலைமையாசிரியர். உங்களுக்கு அதிகாரம் இருக்கு. நீங்களே நீக்கிக்கிடுங்க" என்றாள். "ஆனா நீக்கின அன்னைக்கு மத்தியானம், அந்த ஒம்பது பேருகிட்டயும் சோறு இல்லைன்னு நீங்களே வந்து சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

ஐயாத்துரை பதிவேட்டை மூடிவிட்டார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. பயந்துபோன மனுஷர், அவ்வளவுதான்.

சண்முகவடிவு அருப்புக்கோட்டைக்காரி. அப்பா வத்தல் வியாபாரி. நான்கு பெண்களில் மூன்றாவது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் டீச்சர் டிரெயினிங் போகிறேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தபோது, கடை வைத்திருக்கிற வீட்டுப் பெண் கைநீட்டிச் சம்பளம் வாங்குவதா என்று சொந்தத்தில் பேசினார்கள். பேசினவர்கள் பேசி ஓய்ந்ததும் அப்பா அனுப்பி வைத்தார். பந்தல்குடியில் பலசரக்குக் கடை வைத்திருந்த பொன்ராஜைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடி வந்தாள். உப்போடைப்பட்டிக்கு மூன்று மைல். முக்கால்வாசி நாள் நடைதான். லோடு லாரிக்காரர்கள் யாராவது ஊர்ப்பாதை பிரிகிற இடம்வரை ஏற்றிக்கொண்டு போனால் உண்டு. அவள் வேலையில் சேர்ந்தபோது ஐந்தாம் வகுப்பில் நான்கு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். எட்டு வருஷத்தில் பதினொன்று ஆக்கியிருந்தாள். வீடு வீடாகப் போய், பருத்திக் காட்டு வரப்பில் நின்று, சில நேரம் சண்டை போட்டுக் கூட்டிவந்த பதினொரு பேர். அதில் எட்டுப் பேரைத்தான் சிவப்பு மையால் நீக்கச் சொன்னார்கள்.

இந்தப் பரீட்சை முந்தின வருஷம் ஜூன் மாதத்தில்தான் வந்து சேர்ந்தது. ஒன்றியத்துக்குப் புதிதாக வந்திருந்த கல்வி அதிகாரி எல்லா ஆசிரியர்களையும் கூட்டி வைத்துச் சொன்னார்: இனிமேல் ஐந்தாம் வகுப்புக்கு ஒன்றியம் முழுதும் ஒரே கேள்வித்தாள். ஒரே நாள், ஒரே நேரம். அறுபது சதம் தேறாத பள்ளியின் வகுப்பாசிரியருக்கு அந்த வருஷ இங்கிரிமெண்ட் கிடையாது. இரண்டு வருஷம் தேறாவிட்டால் மாறுதல். பள்ளிகளின் பெயரை வரிசைப்படுத்தி எழுத, ஒன்றிய அலுவலகச் சுவரில் ஒரு கறுப்புப் பலகையும் மாட்டப்பட்டது.

"தரம் உயர வேண்டாமா?" என்று கேட்டார் அதிகாரி. வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

பலகையில் மேலே போகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது ஒரு வழி. சொல்லிக் கொடுக்கக் கஷ்டமான பிள்ளையைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவது இன்னொரு வழி. தை மாதம் பிறந்ததும் பள்ளிக்குப் பள்ளி சிவப்பு மை வேலை செய்ய ஆரம்பித்தது. அது எல்லோருக்கும் தெரியும். அதிகாரிக்கும் தெரியும். முப்பத்திரண்டு பேர் இருந்த வகுப்பு இருபதாகச் சுருங்கி, அந்த இருபதில் பதினெட்டுப் பேர் தேறினால், அவருடைய மேலதிகாரிக்குப் போகிற அறிக்கையில் தொண்ணூறு சதம் என்று இருக்கும். மீதிப் பன்னிரண்டு பேர் எந்த அறிக்கையிலும் இருக்க மாட்டார்கள்.

உப்போடைப்பட்டியில் ஒன்பது பேரும் பரீட்சை எழுதினார்கள். ஐயாத்துரை அதற்குமேல் அவளை வற்புறுத்தவில்லை. பரீட்சை நடந்த மூன்று நாளும் அவளோடு பேசவும் இல்லை.

விடைத்தாள் திருத்த ஒரு பள்ளிக்கூடத்து நீள அறையில் நாற்பது ஆசிரியர்களை உட்கார வைத்தார்கள். ஒரு பள்ளித் தாள் வேறு பள்ளி ஆசிரியருக்குப் போகும். பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். இரண்டாம் நாள் மத்தியானம், சண்முகவடிவுக்கு இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்த தனுஷ்கோடி என்ற வாத்தியார் ஒரு தாளோடு எழுந்து நின்றார். திருச்சுழிப் பக்கத்துப் பள்ளியில் வேலை பார்த்தவர். 'நீ பார்த்த ஆறு' என்று பத்து வரி எழுதச் சொல்லிப் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி இருந்தது.

"ஐயா, இந்தத் தாளுக்கு எப்படி மார்க்குப் போடன்னு தெரியலை" என்று அதிகாரியைப் பார்த்துச் சொன்னார். அவர் என்னவென்று கேட்கவும், சத்தமாகப் படித்தார்:

"நான் பார்த்த ஆறு குண்டாறு. அதில் மணல் இருக்கும். அத்தை ஊருக்குப் போகும்போது அதில் நடப்போம். கால் சுடும். ஓடிப்போய் நிழலில் நிற்போம். ஊத்து தோண்டினால் முதலில் கலங்கத் தண்ணி வரும். பொறுத்து இருந்தால் தெளியும். சிரட்டையில் மோந்து குடத்தில் ஊத்துவோம். ஒரு குடம் ரொம்ப நேரம் ஆகும். மழைக்கு ஆறு வரும் என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை."

அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். சண்முகவடிவு கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள். எண் எதற்கு? குண்டாறு ஓடுகிற திருச்சுழிப் பக்கம் அத்தை வீடு இருக்கிறது என்று ஓயாமல் சொல்லுகிற பிள்ளை அவள் வகுப்பில் ஒருத்திதான். ஜக்கம்மாள். வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளிக்கூடத்தில் வந்து தமிழ் எழுதப் படித்தவள். மூன்றாம் வகுப்புவரை 'அ'னாவைத் திருப்பிப் போட்டவள். அந்தப் பிள்ளை ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் பத்து வரி எழுதியிருக்கிறது.

அதிகாரி விடைக்குறிப்பை எடுத்தார். "நீரோட்டம், நீராடல், பாசனம், இருகரை மரங்கள், படகு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு. இதுல ஏதாவது இருக்கா?"

"இல்லைங்கய்யா. ஆனா..."

"இல்லைன்னா சைபர். குறிப்பு எதுக்கு அடிச்சுக் குடுத்திருக்கு?"

சண்முகவடிவு எழுந்தாள். "ஐயா, நீ பார்த்த ஆறுன்னுதான கேள்வி? அது பார்த்ததை எழுதியிருக்கு. குண்டாத்துல படகு விடுறதை இந்த அறையில யாராவது பார்த்திருக்காகளா? கையைத் தூக்கச் சொல்லுங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கையும் தூக்கவில்லை.

"டீச்சர், நீங்க உங்க கட்டைத் திருத்துங்க."

"படகுன்னு எழுதின பிள்ளைக்கெல்லாம் மார்க்கு. பொய் எழுதினா ரெண்டு, உள்ளதை எழுதினா சைபரா?"

"உக்காருங்கன்னு சொன்னேன்."

தனுஷ்கோடி தயங்கினார். அதிகாரி அவர் பக்கத்தில் வந்து நின்றதும் குனிந்து ஓரத்தில் ஒரு முட்டையைப் போட்டார். அந்தத் தாளின் மொத்த மதிப்பெண் இருபத்தொன்பது. தேற முப்பத்தைந்து வேண்டும்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது தனுஷ்கோடி பக்கத்தில் வந்தார். "டீச்சர், நான் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது" என்றார்.

"எழுந்திருச்சு நின்னதாவது நின்னீக. நான் மட்டும் என்ன செஞ்சு கிழிச்சேன்? அவரு உக்காருன்னதும் உக்காந்தேன். அந்த முட்டையை நாற்பது பேரும் சேர்ந்துதான் போட்டோம் சார்."

அன்று இரவு பொன்ராஜ் கடையை அடைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, அவள் சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பை ஊற்ற மறந்து நின்றாள். அவர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் நினைவு வந்தது.

உப்போடைப்பட்டியில் இருபத்திரண்டு பேரில் பத்துப் பேர் தேறினார்கள். கறுப்புப் பலகையில் அந்தப் பள்ளியின் பெயர் கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தது. தேறாதவர்களுக்கு அச்சடித்த துண்டுச் சீட்டு ஒன்று வீட்டுக்குப் போயிற்று. 'உங்கள் குழந்தை ஐந்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறவில்லை' என்று ஒரே வரி. கீழே வகுப்பாசிரியர் கையெழுத்து.

ஜூனில் பள்ளி திறந்து ஒரு வாரமாகியும் ஜக்கம்மாள் வரவில்லை. சண்முகவடிவு தேடிக்கொண்டு போனாள். பிள்ளையின் அம்மா ஆவுடைத்தாய் வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆவுடைத்தாயி, பிள்ளையை அனுப்பு. ஒரு வருஷம் மறுபடி படிச்சா ஆறாம் வகுப்புக்குப் போயிரும்."

"நீங்கதான டீச்சர் வம்பாடு பட்டுக் கூட்டிட்டுப் போனீக. இது படிச்சுரும், நல்லாப் படிச்சுரும்னீக. இவுக அப்பாகிட்ட நான்தான் மல்லுக்கட்டி அனுப்பினேன். இப்பப் படிப்பு வராதுன்னு நீங்களே காயிதம் குடுத்து விட்டுட்டீக." இடுப்பில் செருகியிருந்த சீட்டை எடுத்துக் காட்டினாள். "இது உங்க கையெழுத்துதான?"

ஆமாம் என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

"அவுக அப்பா இதை மடிச்சு வச்சுக்கிட்டு ஊரெல்லாம் காட்டுறாரு. சர்க்காரே சொல்லிருச்சாம். ஆட்டுக்கிடைக்கு அனுப்பியாச்சு டீச்சர்."

திரும்பி நடக்கையில் அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. பத்து வயசுப் பிள்ளையின் மேல் முத்திரை குத்தி, அதைத் தன் கையாலேயே குத்த வைத்துவிட்டார்களே என்று எரிந்தது. அதிகாரி மேல் இருந்த கோபத்தில் பாதி அவள் மேலேயே இருந்தது.

பதினைந்து நாளில் மெமோ வந்தது. தேர்ச்சி விழுக்காடு குறைந்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். பொன்ராஜ், "ரெண்டு வரியில மன்னிப்புக் கேட்டு எழுதிரு, விட்ருவாக" என்றார். அவள் நாலு பக்கம் எழுதினாள். தேறாத பன்னிரண்டு பேரைப் பற்றியும் ஒவ்வொரு பத்தி. இன்ன பிள்ளை எந்த மாதம் சேர்ந்தது, எத்தனை நாள் பருத்திக் காட்டுக்குப் போனது, வந்தபோது எந்த எழுத்து தெரியாமல் இருந்தது, இப்போது எது தெரியும். கடைசியில் இப்படி முடித்தாள்: 'மற்ற பள்ளிகளில் இத்தகைய பிள்ளைகள் தேர்வுக்கு முன் நீக்கப்பட்டதால் அங்கே விழுக்காடு உயர்ந்தது. நான் யாரையும் நீக்கவில்லை. அதுவே என் குற்றம் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.'

இங்கிரிமெண்ட் நின்றது. ஆனால் அந்த நாலு பக்கத்தைத் தனுஷ்கோடி வாங்கிப் படித்தார். கையாலேயே மூன்று படி எழுதினார். அவை மல்லாங்கிணறுவரை போயின. அந்த வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் பஸ்ஸிலும் நடையிலுமாகப் பள்ளி பள்ளியாக ஆசிரியர்களைப் போய்ப் பார்த்தார்கள். சில வீடுகளில் காப்பி கிடைத்தது. சில வீடுகளில் ஆள் இல்லை என்று உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பினார்கள். ஒரு தலைமையாசிரியர், "பொம்பளைப் பேச்சைக் கேட்டு நான் வேலையை விடணுமா?" என்று அவள் முகத்துக்கு நேரேயே கேட்டார். கடைசியில் இருபத்தாறு பள்ளிகளில் பதினாலு பள்ளி ஆசிரியர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பாடம் நடத்துவோம். நம் பிள்ளைகளுக்கு நாமே பரீட்சை வைப்போம், நாமே திருத்துவோம். ஒன்றியத்திலிருந்து வரும் கேள்வித்தாள் கட்டை மட்டும் பிரிக்க மாட்டோம்.

1971 பங்குனியில் கட்டுகள் வந்தன. அரக்கு முத்திரையோடு அப்படியே மேசை மேல் இருந்தன. பத்து மணிக்கு உப்போடைப்பட்டி வாசலில் ஜீப் வந்து நின்றது. கலகம் எங்கே தொடங்கியது என்று அதிகாரிக்குத் தெரியாதா?

"பிரிங்க" என்றார்.

"மாட்டேன்யா."

"அரசாங்கச் சம்பளம் வாங்குறீக."

"பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கத்தான் வாங்குறேன். வெளியில தள்ளுறதுக்கு இல்லை."

அவர் ஐயாத்துரையைப் பார்த்தார். ஓய்வு பெற ஒரு வருஷம்கூட இல்லாத அந்த மனுஷர் அவள் முகத்தைப் பார்க்காமலே கட்டை எடுத்தார். அரக்கை உடைத்தார். அதிகாரியே வகுப்பில் நின்று பரீட்சை நடத்தினார். சண்முகவடிவு மூன்று மணி நேரம் வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். தான் ஆரம்பித்த காரியம் தன் பள்ளியிலேயே நடக்காமல் போனதே என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம்தான் சேதி வந்தது. மற்ற பதின்மூன்று பள்ளிகளிலும் கட்டு பிரிக்கப்படாமலே திரும்பிப் போயிருந்தது.

தண்டனை ஒரே மாதத்தில் வந்தது. பதினாலு பேருக்கும் இங்கிரிமெண்ட் நிறுத்தப்பட்டது; மூலைக்கு ஒருவராக வீசப்பட்டார்கள். அவளுக்குக் கிடைத்தது திருச்சுழிக்கும் அப்பால் ஒரு ஓராசிரியர் பள்ளி. இரண்டு பஸ், அப்புறம் நாலு மைல் நடை. விடியுமுன் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வீடு. பொன்ராஜ் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. காலையில் உலை வைக்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். கடைக்கு வருகிறவர்கள் அதைக் கேலி பேசியபோது, "அவ வாத்தியார் வேலை பாக்குறா, நான் சோறு பொங்குறேன், உனக்கு எங்க இடிக்கி?" என்று கேட்டுவிட்டு எடை போட்டார்.

வீசி எறிந்ததில் அதிகாரி ஒன்றை யோசிக்கவில்லை. பதினாலு பேரும் பதினாலு புதுப் பள்ளிகளுக்குப் போனார்கள். அங்கே போனதும் பழைய வருகைப் பதிவேடுகள் அவர்கள் கைக்கு வந்தன. தையில் இருந்த பெயர்கள் எவை, பங்குனியில் இல்லாமல் போனவை எவை என்று பார்த்து எழுதினார்கள். பிள்ளையின் பெயர், அப்பா பெயர், ஊர். இரண்டு வருஷப் பதிவேடுகளிலும் சேர்த்து இருநூற்றுப் பதினாலு பெயர்கள்.

அந்தப் பட்டியலை யாரிடம் கொடுப்பது? ஒன்றியத் தலைவரிடம் கொடுத்தால் அதிகாரியிடம் போய்விடும். ஒன்றியக் குழுவில் அழகுத்தாய் என்ற பெண் உறுப்பினர் இருந்தார். கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டு, வடை காப்பி சாப்பிட்டு, ஒரு சொல் பேசாமல் திரும்புகிறவர். சண்முகவடிவு அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அழகுத்தாய் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். இரண்டு நாள் வைத்திருந்து படித்தார்.

1972இல் மே மாதக் கூட்டம். மற்ற விஷயங்கள் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கப் போகும் நேரத்தில் அழகுத்தாய் எழுந்து அந்தப் பட்டியலை வாசிக்க ஆரம்பித்தார். முதல் பத்துப் பெயர் வரைக்கும் யாருக்கும் என்னவென்று புரியவில்லை.

"என்னம்மா இது? சுருக்கமாச் சொல்லுங்க" என்றார் தலைவர்.

"சுருக்கினது போதும் தலைவரே. பிள்ளைகளைச் சுருக்கிச் சுருக்கித்தான் அந்தப் பலகையில நூறு சதம் எழுதி வச்சிருக்காக. இதுக எல்லாம் பரீட்சை எழுதுனாப் பள்ளிக்கூடத்துக்குக் கேவலம்னு சோத்தையும் பிடுங்கி விரட்டுன பிள்ளைக. எல்லாப் பேரையும் நான் வாசிக்கத்தான் போறேன்."

எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசித்தார். ஊர்ப் பெயர் வரவர அந்தந்த ஊர் உறுப்பினர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "ஏய்யா, இது நம்ம தெரு பிள்ளையில்ல?" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது வெளியில் நின்ற ஆசிரியர்களுக்குக் கேட்டது. அதிகாரி எழுந்து, தரம், முன்னேற்றம் என்று என்னவோ சொன்னார். யாரும் கேட்கும் நிலையில் இல்லை. அந்த ஜூனிலிருந்து தேர்வு நிறுத்தப்படுவதாகத் தீர்மானம் போட்டார்கள். பலகையைக் கழற்றினார்கள்.

அதிகாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறு மாதத்தில் பதவி உயர்வில் மாவட்டத் தலைநகருக்குப் போனார். தொண்ணூறு சதத் தேர்ச்சி காட்டிய அறிக்கைகள் அவரோடு போயின. அதைக் கேள்விப்பட்ட அன்று சண்முகவடிவு பஸ்ஸில் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாளிடம் அதைச் சொல்லிக்கொண்டே வந்தாள். முன்பின் தெரியாத அந்த அம்மாள் இறங்கும்வரை கேட்டுவிட்டு, "நல்லா இருப்பானா அவன்?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தீர்மானம் வந்த வாரமே சண்முகவடிவு உப்போடைப்பட்டிக்குப் போயிருந்தாள். ஜக்கம்மாள் பருத்திக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு முடிந்து, நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள்.

"பரீட்சையை எடுத்துட்டாக ஜக்கம்மா. நீ வரலாம். ஐயாத்துரை சாரு இப்ப இல்லை, வேற சாரு. நான் பேசிட்டேன்."

"சின்னப் பிள்ளைகளோட உக்காரணுமா டீச்சர்?"

"உக்காந்தா என்ன?"

"நான் பெயிலு டீச்சர்." தன் ஊர்ப் பெயரைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"நீ பெயிலு இல்லை. நீ குண்டாத்தைப் பத்தி எழுதினது ரொம்பச் சரி. அவுகதான் தப்பா மார்க்குப் போட்டாக. நான் அங்கதான் இருந்தேன், கேட்டேன்."

ஜக்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பவே தெரியுமா டீச்சர்? பெறகு ஏன் மாத்தலை?"

அந்தப் பிள்ளை கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. களைக்கொத்தி மறுபடி மண்ணைக் கிளறத் தொடங்கியது.

ஜக்கம்மாள் வரவில்லை. இருநூற்றுப் பதினாலு பேரில் முப்பத்தேழு பேர் திரும்ப வந்தார்கள். அவளும் தனுஷ்கோடியும் வீடு வீடாக அலைந்து கூட்டி வந்தவர்கள் அவ்வளவுதான். மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டு எந்த அலுவலகத்திலிருந்தும் ஒரு மெமோ வரவில்லை.

1975இல் நிறுத்தி வைத்த இங்கிரிமெண்டைக் 'கருணை அடிப்படையில்' வழங்குவதாக ஓர் உத்தரவு வந்தது. மற்ற பதின்மூன்று பேரும் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்குக் குடும்பம் இருந்தது, கல்யாணம் காட்சி இருந்தது. அவள் அவர்களைக் குறை சொன்னதில்லை. தன் உத்தரவை மட்டும் ஒரு கடிதத்தோடு திருப்பி அனுப்பினாள். 'நான் கருணை கேட்கவில்லை. என் மீது போடப்பட்ட தண்டனை தவறு என்று எழுதித் தந்தால் பெற்றுக்கொள்கிறேன்.'

அப்படி எழுதித் தர யாரும் வரவில்லை. அவளும் கேட்பதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஜூன் முதல் வாரத்தில், பள்ளி திறந்த கையோடு, அதே கடிதத்தைத் தேதி மாற்றி எழுதி, திருச்சுழித் தபால் ஆபீஸில் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனாள்.